பழந்துப்பாக்கிகளும் நம் கடமையும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

கம்பனையும் வள்ளுவனையும் பேசும் மேடையில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். எண்ணுவது இயல்பே. துப்பாக்கி உயிரைப் போக்கும் கருவி. அதனைப் போற்றிப் பேச நாம் இங்கு வரவில்லை. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே வாயடங்கிப்போன பழந்துப்பாக்கிகளைப் பற்றியே பேச வந்தோம். அவற்றின் இரும்பிலும் வெள்ளியிலும் கைவினைஞன் செதுக்கிய பூக்கொடிகளும் புலி முகங்களும் உள்ளன. பெயர்களும் ஆண்டுகளும் உள்ளன. கல்வெட்டைப் படிப்பதுபோல் அவற்றையும் படிக்கலாம். படிக்கத் தெரியாத கைகளில் அவை பழைய இரும்பாக அழிகின்றன. இந்த அழிவைப் பற்றியும், அதனைத் தடுக்க நம்மைப் போன்ற குடும்பங்கள் செய்யக்கூடியவற்றைப் பற்றியும் சில சொற்கள் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் பொருளை விளங்கிக்கொள்வோம். பழைய துப்பாக்கி வெடித்த முறை மூன்று படிகளாக வளர்ந்தது. தொடக்கத்தில் எரியும் திரியைக் கொண்டு மருந்துக்குத் தீ வைத்தனர். பின்னர் சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசித் தெறித்த பொறியால் மருந்து பற்றியது. மழை பெய்தால் திரி அணையும். காற்றடித்தால் பொறி தவறும். ஸ்காட்லாந்து நாட்டில் பாதிரியாராக இருந்த அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்பவர் வேட்டையில் விருப்பமுடையவர். கல் உரசும் ஒளியைக் கண்டே பறவைகள் பறந்துவிடுவது அவருக்குப் பெருங்குறையாக இருந்தது. தட்டினாலே வெடிக்கும் வேதியுப்பைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் முறையைக் கண்டு, 1807ஆம் ஆண்டில் உரிமம் பெற்றார். அதன் பின் அந்த உப்பைச் சிறு செப்புக் குமிழில் அடைத்துத் துப்பாக்கியின் முளையில் மாட்டும் வழக்கம் வந்தது. சுத்தியல் குமிழின் மேல் விழும், குமிழ் வெடிக்கும், உள்ளே இருக்கும் மருந்து பற்றும். தீபாவளியன்று நம் சிறுவர்கள் விளையாட்டுத் துப்பாக்கியில் வைத்து வெடிக்கும் பொட்டு கேப்பும் இந்தத் தத்துவத்தின் வழிவந்ததே.

இந்தச் செப்புக் குமிழையும் சுழலும் உருளையையும் சேர்த்தவர் அமெரிக்கராகிய சாமுவேல் கோல்ட். அவர் இளமையில், 1830ஆம் ஆண்டில், 'கோர்வோ' என்னும் கப்பலில் மாலுமியாக நம் கல்கத்தாவுக்குப் பயணம் செய்தார். அந்தப் பயணத்தில்தான் சுழல் துப்பாக்கியின் மாதிரியை மரத்தில் செதுக்கினார் என்று சொல்வர். 1836இல் அமெரிக்காவில் உரிமம் பெற்றார். ஐந்து அல்லது ஆறு அறைகள் கொண்ட உருளை. ஒவ்வோர் அறையிலும் மருந்தும் ஈயக் குண்டும். ஒவ்வோர் அறையின் பின்புறமும் ஒரு செப்புக் குமிழ். இதுவே குமிழ் ரிவால்வர். இதன் ஆட்சி நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1857இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் உலோகத் தோட்டா ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1870க்குப் பின் குமிழ் ரிவால்வர் மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளே அது கோலோச்சியது.

இவற்றுள் செதுக்கு வேலை அமைந்தவை ஏன் அரியவை? கோல்ட் நிறுவனம் 1851ஆம் ஆண்டு மாதிரியான 'நேவி' ரிவால்வரை அமெரிக்காவில் மட்டும் இரண்டு லட்சத்திற்கு மேல் செய்தது. 1853 முதல் 1856 வரை இலண்டனிலும் தொழிற்சாலை வைத்து நடத்தியது. இவற்றில் மிகப் பெரும்பாலானவை கையால் செதுக்கிய அலங்காரம் அற்றவை. அரசர்க்கும் படைத்தலைவர்க்கும் பரிசளிக்கவோ, செல்வர் விரும்பிக் கேட்டபோதோதான் நகாசு வேலைக்காரனின் உளி இரும்பைத் தொட்டது. ஜெர்மானியரான குஸ்தாவ் யங் என்பவர் கோல்ட் நிறுவனத்தின் புகழ்பெற்ற செதுக்குக் கலைஞர். பொன் பதித்த கோல்ட் ரிவால்வர் ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் இணை 1854இல் ருஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கலாஸுக்குப் பரிசாகச் சென்றது.

இங்கு ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். 'நேவி' ரிவால்வரின் உருளையைச் சுற்றிக் கடற்போர்க் காட்சி ஒன்று காணப்படும். 1843 மே 16 என்ற நாளும் அதில் இருக்கும். அதனைக் கண்டவுடன் அரிய கைவேலை என்று மயங்குவோர் உண்டு. அது கைவேலை அன்று. ஆர்ம்ஸ்பி என்னும் கலைஞர் எஃகு அச்சில் வெட்டிய படம். அந்த அச்சை உருளையின் மேல் அழுத்தி உருட்டி, ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளில் ஒரே காட்சியைப் பதித்தனர். கையால் செதுக்கிய கோடு ஒன்றுபோல் மற்றொன்று இராது. ஓரிடத்தில் ஆழ்ந்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடும். பித்தளைக் குத்துவிளக்கில் நம் கன்னார் வெட்டும் கொடிக்கும், அச்சில் வார்த்த கொடிக்கும் உள்ள வேறுபாட்டை நம் இல்லத்தரசியர் ஒரு பார்வையில் கண்டுகொள்வார்கள். அந்தக் கண் போதும்.

போலிகளும் உண்டு. 1950களின் இறுதியிலிருந்து இத்தாலியில் இப்பழைய ரிவால்வர்களின் படிகள் செய்யப்பட்டு வருகின்றன. உண்மையான பழந்துப்பாக்கியின் வெறும் உடலில் அண்மைக் காலத்தில் பூவேலை செதுக்கி, விலையைப் பன்மடங்கு உயர்த்துவோரும் உண்டு. அறிந்தவர்கள் முதலில் எண்களைப் பார்ப்பார்கள். கோல்ட் ரிவால்வரின் குழல், சட்டம், விசைக்காப்பு ஆகிய உறுப்புகளில் ஒரே வரிசை எண் பதிந்திருக்கும். அடுத்துத் தேய்மானத்தைப் பார்ப்பார்கள். கைபட்டுப் பிடியும் முனைகளும் தேய்ந்திருக்க, செதுக்கிய கோடு மட்டும் நேற்று வெட்டியதுபோல் கூர்மையாக நின்றால் ஐயம் கொள்வார்கள். தேய்வு இங்கே குறையன்று, அதுவே சான்று.

இந்த இடத்தில் புறநானூற்றை நினையாதிருக்க முடியவில்லை. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவன் படைக்கொட்டிலைப் பார்த்துப் பாடிய பாட்டு அறிஞர் அறிந்தது. ஒருவன் கருவிகள் மாலை சூடி, நெய் பூசப்பெற்று, கொட்டிலில் அழகாக நிற்கின்றன. மற்றவன் கருவிகளோ முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன. எது உழைத்த கருவி என்பதை ஔவையார் நயமாக உணர்த்திவிட்டார். நாம் வாழும் இந்தச் சித்தூரும் திருப்பதியும் பழைய தொண்டை மண்டலத்தைச் சார்ந்தவை. பழம்படைக்கலத்தைப் பார்க்கும் கண்ணை இந்த மண்ணைச் சார்ந்த பாட்டொன்றே நமக்குத் தந்திருக்கிறது. மினுக்கைப் பார்க்காதே, வாழ்ந்த தடத்தைப் பார் என்பதே அந்தக் கண்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மேலைநாட்டில் குமிழ் ரிவால்வர்கள் குவிந்து கிடக்க, நம் நாட்டு வீடுகளில் அவை ஏன் மிக அரிதாக இருக்கின்றன? நம்மவர்க்குத் துப்பாக்கி செய்யவோ அதனை அழகு செய்யவோ தெரியாதா? நன்றாகத் தெரியும். சித்தூருக்கு அருகிலுள்ள நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் 1782 டிசம்பர் 7ஆம் நாள் ஐதர் அலி உயிர் நீத்தார். அவருக்குப் பின் அரசாண்ட திப்பு சுல்தானின் பட்டறைகளில் செய்த சக்கிமுக்கித் துப்பாக்கிகளை இன்றும் உலகம் வியந்து பார்க்கிறது. குழலிலும் பூட்டுத் தகட்டிலும் புலி வரிகள். புலித்தலை வடிவில் அமைந்த உறுப்புகள். திப்பு தாமே வகுத்த மௌலூதி ஆண்டுக் கணக்கு, வலமிருந்து இடமாக எழுதிய எண்களில். 1799 மே 4இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது அவை கொள்ளைப் பொருளாகப் பங்கிடப்பட்டுக் கடல் கடந்தன. 2015 ஏப்ரலில் இலண்டனில் திப்புவின் படைக்கலத் தொகுப்பு ஒன்று ஏலம் போனது. முப்பது பொருள்கள் அறுபது லட்சம் பவுன் அளவுக்கு விலைபோயின. 2023 மே மாதத்தில் அவருடைய வாள் ஒன்று மட்டுமே ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பவுனுக்கு ஏலம் போனது. நம்மவர் கைவேலையின் மதிப்பை நாம் அறியுமுன் ஏலக் கடைக்காரன் அறிந்துகொண்டான்!

கடல் கடந்தவையாவது காப்பாற்றப்பட்டன. இங்கேயே அழிந்தவை எத்தனை! மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பின், 1801 டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்பாளையங்களில் ஆயுதம் தாங்குவதைத் தடை செய்தது. அதே 1801ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து சித்தூர்ச் சீமையும் கும்பெனியார் கைக்கு வந்தது. 1804, 1805ஆம் ஆண்டுகளில் சித்தூர்ப் பாளையக்காரர்கள் எதிர்த்து எழுந்தனர், அடக்கப்பட்டனர். 1857ஆம் ஆண்டுப் பெரும் எழுச்சிக்குப் பின் 1860ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், அதனினும் கடுமையான 1878ஆம் ஆண்டின் சட்டமும் வந்தன. பின்னதன்படி இந்தியன் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்தால் குற்றம், ஐரோப்பியனுக்கோ விலக்கு.

இந்த ஆண்டுகளைச் சற்றே ஒப்பிட்டுப் பாருங்கள். குமிழ் ரிவால்வரின் காலம் 1836 முதல் 1870 வரை. நம் மக்களின் கையிலிருந்து ஆயுதம் பறிக்கப்பட்ட காலமும் அதனை முன்னும் பின்னும் தழுவி நிற்கிறது. எனவே அந்தக் கருவி இந்நாட்டுக்குள் வந்தபோது பெரும்பாலும் வெள்ளை அதிகாரியின் இடுப்பில் வந்தது. 1856இல் ஆங்கிலப் படை ஏற்ற போமாண்ட் ஆடம்ஸ் ரிவால்வர் அப்படி வந்ததே. அல்லது ஒரு மன்னருக்கோ ஜமீன்தாருக்கோ உரிய அலங்காரப் பொருளாக வந்தது. கடிகாரத்துக்கும் வெள்ளிப் பாத்திரத்துக்கும் பேர்பெற்ற சென்னை மவுண்ட் ரோடு பி. ஓர் அண்ட் சன்ஸ் கடையின் பெயர் பொறித்த துப்பாக்கிகளும் உண்டு. ஆகவே இங்கு எஞ்சியிருக்கும் ஒவ்வொன்றும் ஒரு வரலாற்றுச் சாட்சி. யார் வைத்திருக்கலாம், யார் வைத்திருக்கக்கூடாது என்று ஆட்சி வகுத்த கோட்டின் சாட்சி அது.

தஞ்சைப் படைக்கலச் சாலையின் கதை இன்னும் வருந்தத்தக்கது. 1855இல் மராத்திய மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தார். அரசு கும்பெனியார் வசமாயிற்று. அரண்மனையில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்த வாள்களும் கட்டாரிகளும் பிறவும் வேண்டாத சுமையாயின. சில எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாகத் தொலைந்தது. சென்னை ஆட்சிப்பணியில் இருந்த வால்ஹவுஸ் என்னும் ஆங்கிலேயர் 1878இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் இதனைப் பற்றி எழுதிவைத்தார். இன்று எழும்பூரில் நாம் காணும் தஞ்சைப் படைக்கலங்கள் அந்த உடைப்பிலிருந்து பிழைத்தவை. உடைத்தவர்கள் கொடியவர்கள் என்பதைவிட, பொருளின் மதிப்பை அறியாதவர்கள் என்பதே பொருந்தும். அறியாமை செய்யும் அழிவு பகை செய்யும் அழிவுக்குக் குறைந்ததன்று.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. ஐதராபாத்தில் மூன்றாம் சாலார் ஜங் என்று பெயர் பெற்ற மீர் யூசுப் அலி கான் வாழ்நாள் முழுவதும் அரும்பொருள்களைத் திரட்டினார். 1949இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பு சிதறவில்லை. 1951 டிசம்பர் 16இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 1961இல் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது. அங்கே படைக்கலங்களுக்கென்றே தனிக்கூடம் இருக்கிறது. ஒரு மனிதரின் ஆசை நாட்டின் சொத்தாயிற்று. சேகரிப்பு என்னும் பழக்கத்தின் உயர்ந்த நிலை அதுவே. பூட்டிய அலமாரியில் தொடங்கிப் பொதுக்கூடத்தில் முடிவதே நல்ல சேகரிப்பு.

அன்பர்களே! இவையெல்லாம் மன்னர் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். 1911இல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து சித்தூர் மாவட்டம் பிறந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினும் இந்த மண்ணில் தமிழும் தெலுங்கும் பேசும் பழங்குடும்பங்களின் பரணிலும் பெட்டியிலும் ஒரு பழைய துப்பாக்கியோ, உறை கிழிந்த குத்துவாளோ கிடக்கலாம். பிழைப்பை நாடி இங்கு வந்து காலனிகளில் வாழும் நமக்கும் சொந்த ஊரில் பாட்டன் வீடு இருக்கிறது. வீட்டைப் பங்கிடும்போதும் விற்கும்போதும் அப்பொருள் வெளியே வரும். அன்று நாம் செய்யவேண்டியவை எவை?

முதலாவது, அச்சம் கலந்த எச்சரிக்கை. பழையதுதானே என்று விசையை இழுத்துப் பார்க்கலாகாது. குழலுக்குள் அடைத்த கருமருந்து நூறாண்டு கழிந்தும் வெடிக்கும் ஆற்றல் உடையது. பிள்ளைகளை விலக்கி, குழல் வாயை எவர் பக்கமும் திருப்பாமல் வைத்துவிட்டு, காவல் நிலையத்துக்குச் சொல்லி அறிந்தவரைக் கொண்டே ஆராயவேண்டும்.

இரண்டாவது, சட்டத்துக்குப் பணிதல். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 45ஆம் பிரிவில் ஒரு விலக்கு தருகிறது. வழக்கொழிந்த வகையினதோ தொன்மை மதிப்புடையதோ பழுதுற்றதோ ஆகி, செப்பனிட்டாலும் செப்பனிடாவிட்டாலும் சுடும் கருவியாகப் பயன்பட இயலாத ஆயுதத்துக்கே அவ்விலக்கு. பழமை மட்டும் போதாது என்பதை மனத்தில் வையுங்கள். மருந்தும் குமிழும் இட்டால் சுடக்கூடிய ரிவால்வர் எத்துணைப் பழையதாயினும் விலக்கில் அடங்கும் என்று நாமே முடிவு கட்டலாகாது. 2019ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. பாட்டன் வழி வந்ததும் அந்தக் கணக்கிலேயே சேரும். ஆகவே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுத் தெளிவதே முறை. அன்றியும், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருள் தொல்பொருளாகும். அதனைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. நல்ல விலை தருகிறேன் என்று வீடு தேடி வரும் பெயர் சொல்லாத வணிகரிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் வருந்துவதில் பயனில்லை.

மூன்றாவது, கை வைக்காமை. ஆயுத பூசையன்று பழைய படைக்கலத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இடுவது நம் மரபு. பக்தியில் குறையில்லை, ஆயினும் ஈரச் சந்தனம் இரும்பில் தங்கினால் துரு ஏறும். துருவைப் போக்க உப்புத்தாளால் தேய்ப்பார்கள், புளியிட்டும் துலக்குவார்கள். ஒரு நாள் பளபளப்புக்காக நூற்றைம்பது ஆண்டுக் கோடு அழிந்துபோகும். செதுக்கு வேலையின் ஆழம் மயிரிழை அளவே. ஒரு முறை தேய்ந்தால் அதனை மீட்பவர் இல்லை. எதிரில் வைத்துப் பூவிடுங்கள். இரும்பின் மேல் இடாதீர்கள். உலர்ந்த மென்துணியால் துடைத்து, இலேசாக எண்ணெய் தடவி வைத்தால் போதும்.

நான்காவதே தலையாயது: எழுதிவைத்தல். இது யாருடையது, எவ்வூரிலிருந்து வந்தது, யார் கொடுத்தார், எந்த ஆண்டில் உரிமம் பெற்றது, என்ன எண்ணும் பெயரும் பொறித்திருக்கின்றன என்பவற்றைப் பெரியவர்கள் உள்ளபோதே கேட்டுத் தாளில் எழுதிப் படமும் எடுத்து வைக்கவேண்டும். பழைய உரிமச் சீட்டு இருந்தால் அதனைத் துப்பாக்கியினும் மேலாகக் காக்கவேண்டும். வரலாறு அற்ற துப்பாக்கி வெறும் இரும்பு. வரலாறு உள்ள துப்பாக்கி ஓர் ஆவணம். வைத்துக்கொள்ள வழியில்லையெனில் சட்டத்துக்குட்பட்டு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம். எடைக்குப் போடுவதும் ஆற்றில் எறிவதும் தஞ்சையில் நடந்த தவற்றை நாமே மீண்டும் செய்வதாகும்.

நமக்கு அருகிலேயே சந்திரகிரிக் கோட்டை இருக்கிறது. அங்குள்ள ராஜமகாலில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் நடைபெறுகிறது. சிலைகளோடு வாள்களும் குத்துவாள்களும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். இது யாரைக் கொன்றது என்று கேட்கும் பிள்ளையை, இதனை யார் செய்தார், யார் பறித்தார், யார் காத்தார் என்றும் கேட்கப் பழக்குங்கள். அந்தக் கேள்வியே வரலாற்றறிவின் முதற்படி.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தில் ஒரு குறிப்பேடு தொடங்குவோம். துப்பாக்கி மட்டுமன்று, ஓலைச்சுவடி, செப்புப் பட்டயம், பழைய அளவைப்படி, நகாசு வேலைப் பெட்டி என, உறுப்பினர் குடும்பங்களில் உள்ள பழம்பொருள் ஒவ்வொன்றையும் பற்றி நான்கு வரி எழுதிச் சேர்ப்போம். பொருள் அவரவர் வீட்டில் இருக்கட்டும். செய்தி நம் அனைவருக்கும் பொதுவாகட்டும். பொன் செலவு இல்லை. பொறுமை ஒன்றே செலவு. ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் முதலில் இழப்பது இத்தகைய செய்திகளையே. முதியவர்கள் சொல்ல, இளையவர்கள் எழுத, வருகிற ஆண்டு விழாவுக்குள் முதல் ஏடு நிறையட்டும் என வேண்டி அமைகிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!